பச்சைக் கோடு போட்ட கட்டைகள்

முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற ஒருத்தியிடம் ஆவிக் கதை சொல்லிப் பார்க்காதீர்கள், அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். எனக்கும் அப்படித்தான் வரும். ஜெர்மனியில் ஹம் நகரில் ஓர் இல்லத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கவில்லை, இப்போது அவளுடைய மகள் போகிறாள். இத்தனை காலத்தில் எத்தனை பேருடைய கண்களை மூடிவிட்டிருப்பேன், குளிப்பாட்டி, நல்ல சட்டை போட்டு, உயிர் வெளியே போகட்டும் என்று இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது, அதற்காக யன்னலையும் திறந்துவிட்டு, பக்கத்தில் தனியே உட்கார்ந்திருப்பேன். ஒருவராவது திரும்பி வந்து எனக்கு ஒன்றும் சொன்னதில்லை. கதவு தானாகத் திறந்ததில்லை, மணி தானாக அடித்ததில்லை, அடித்தால் வயர் பழுதாக இருக்கும். ஆகவே நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால், இந்தப் பெண்ணுக்கு வெயில் மண்டையில் அடித்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பேன். என் கணவர் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்.

நடந்தது எனக்கும் ராஜிக்கும். ராஜி என் கணவரின் தங்கை, எனக்கு மச்சாள். எங்கள் கட்டிடத்திலேயே மேல்மாடியில் இருக்கிறாள், பாண் சுடுகிற பேக்கரி ஒன்றில் வேலை, வாய் ஓயாது. நீரிழிவுக்கு ஊசி போடுகிறவள். நட நட என்று டாக்டர் தலையால் அடித்துச் சொல்லியும் வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடத்துக்கு மேல் நடந்தறியாதவள். அவளை நடக்க வைத்தது நான்தான், என்னை நடக்க வைத்தது என் முதுகு.

முதுகுவலி முற்றியபோது மருத்துவக் காப்புறுதிக்காரர் என்னைச் சில வாரம் 'கூர்' என்று ஓய்வுச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். பிராண்டன்பேர்க் பக்கம், பெர்லினுக்குத் தெற்கே, உப்புநீர்க் குளியலுக்குப் பேர்போன ஒரு சின்ன ஊர். பெயர் சொல்லமாட்டேன், அங்கே விடுதி நடத்துகிறவர்களும் தேநீர்க்கடை வைத்திருப்பவர்களும் எங்களுக்கு வேண்டியவர்கள், என்னால் அவர்களுடைய வியாபாரம் கெடக்கூடாது. போகிற ரயில் ஷோனெஃபெல்ட்டைத் தாண்டித்தான் போகும். ஊரை விட்டு வந்து நான் முதன்முதலில் கால் வைத்த இடம் அந்த விமான நிலையம்தான், ஆனால் நான் யன்னலால் எட்டிப் பார்க்கவில்லை, முதுகு அப்படி வலித்தது.

அந்த ஊரைச் சுற்றியுள்ள இடம் ஒரு விசித்திரம். பள்ளத்தாக்கு என்றால் மலையும் அருவியும் என்று நினைக்காதீர்கள். இரண்டு பக்கமும் பைன் மரம் நிற்கிற மேடு, நடுவில் அகன்ற பள்ளம், அந்தப் பள்ளம் முழுக்க மணல். வெள்ளை மணல். பழைய காலத்தில் இராணுவம் அங்கே டாங்கி ஓட்டிப் பழகியதாம், ஓட்டி ஓட்டி மண்ணின் தோலை உரித்துவிட்டார்கள், பிறகு மரம் முளைக்கவே இல்லை. அந்த ஊர்ச்சனம் அதைப் பாலைவனம் என்றே சொல்கிறார்கள். ஜெர்மனியில் பாலைவனமா என்று நானும் முதலில் சிரித்தேன். போய் நின்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. காற்று மணலில் கோடு கோடாக எழுதிவிட்டுப் போயிருந்தது, ஒரு சத்தமும் இல்லை, வானம் மட்டும் பெரிதாக இருந்தது. என்னுடைய நெஞ்சுக்குள் எத்தனையோ வருடமாக இறுக்கிக் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்ததுபோல் இருந்தது. அடுத்த வருடம் ராஜியை இழுத்துக்கொண்டு போனேன். அதன்பிறகு வருடம் தவறாமல் ஓகஸ்ட் கடைசியில் ஒரு கிழமை எங்களுக்கு அங்கேதான்.

எங்களுக்குப் பிடித்த நடைவழிகள் மூன்று. ஒன்று ஏரிக்கரையோரம், சதுப்பின்மேல் பலகை அடித்துப் போட்டிருப்பார்கள், கால் வைக்கும்போது கீழே தண்ணீர் 'பொளக்' என்று சத்தம் போடும், தும்பிகள் பறக்கும், ராஜிக்கு அதுதான் உயிர், ஏனென்றால் பாதி வழியில் ஒரு வாங்கு இருக்கிறது, அதில் உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிடலாம். இரண்டாவது மேட்டுக் காட்டுவழி, பைன் ஊசிகள் மெத்தைபோல் கிடக்கும், மழை பெய்த மறுநாள் காளான் தேடுகிறவர்கள் கூடையோடு குனிந்து திரிவார்கள், வழி முடிகிற இடத்தில் பிளம்ஸ் கேக் விற்கிற கடை. மூன்றாவதுதான் என்னுடையது. மணல்வெளியின் விளிம்போடு போய் ஒரு குன்றில் ஏறி இறங்குகிற வழி. ஓகஸ்ட் கடைசியில் அந்த விளிம்பு முழுவதும் ஹைட என்கிற சின்னச் செடி ஊதாவாகப் பூத்துக் கிடக்கும், ஒரு பக்கம் ஊதா, ஒரு பக்கம் வெள்ளை, நடுவில் நாங்கள் இரண்டு பேர். அந்த வழி நெடுக மஞ்சள் பலகைகள் நிற்கும், பாதையை விட்டு இறங்காதே, உயிராபத்து, நிலத்துக்குள் வெடிக்காத குண்டுகள் இருக்கின்றன என்று. பாதை மட்டும் துப்புரவாக்கிய பாதை, மணல்வெளியை ஒருவரும் இன்னும் துப்புரவாக்கவில்லை.

அன்றைக்கு நாங்கள் போனது அந்த வழி. காலையில் நல்ல வெயில், மழை கண்டு எத்தனையோ நாளாகியிருந்தது. ராஜி ஊசி போட்டாள், ஆனால் விடுதிக்கார அம்மா அவித்துத் தந்த முட்டை சரியில்லை என்று ஒதுக்கிவிட்டு அரைத்துண்டு பாணோடு எழும்பிவிட்டாள். குன்றில் போய் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது அவளுடைய கணக்கு. அவளுக்குச் சர்க்கரை இறங்கினால் வாயில் போட ஒரு குளுக்கோஸ் பெட்டி எப்போதும் என் பையில் இருக்கும், இல்லாமல் நான் வாசல் தாண்டுவதில்லை. அன்றைக்கும் இருந்தது.

குன்று தெரிகிற தூரத்தில் காற்று மாறியது. இதை நான் எப்படிச் சொல்வது, மேற்கே வானம் அழுக்குத் துணி மாதிரி ஆகிவிட்டது, இடி மட்டும் கேட்டது, மழை இல்லை. பிறகு அந்த வெளி முழுவதும் எழும்பி வந்தது. மணல்தான், ஆனால் சுவர்போல் வந்தது. நான் ராஜியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு சின்னப் பைன் மரத்தடியில் குப்புறப் படுத்தேன். முகத்தில், காதில், பல்லுக்குள் எல்லாம் மணல். என் முதுகில் கிடந்த பையைக் கழற்றி ராஜியின் தலைக்குமேல் பிடித்துக்கொண்டிருந்தேன், காற்று அதை என் கையிலிருந்து பிடுங்கியது. பிடுங்கியது என்றால், ஒரு ஆள் இழுத்ததுபோல் இழுத்துக்கொண்டு போய்விட்டது. சாப்பாடு, தண்ணீர், குளுக்கோஸ், எல்லாம் அதற்குள்.

எவ்வளவு நேரம் கிடந்தோம் என்று தெரியாது. காற்று தணிந்து எழும்பினால் உலகம் வேறாக இருந்தது. தூசு புகைபோல் தொங்கிக்கொண்டிருந்தது, நீட்டிய கைக்கு அப்பால் சரியாகத் தெரியவில்லை. பாதையைக் காணவில்லை, மணல் மூடிவிட்டது. மஞ்சள் பலகையையும் காணவில்லை. இந்தப் பக்கம்தான் என்று நினைத்து நடந்தோம், மரம் வரவில்லை, இன்னும் நடந்தோம், இன்னும் மணல்தான். போனை எடுத்தேன், அந்தப் பள்ளத்தில் எப்போதுமே சிக்னல் கிடையாது, அன்றைக்கு மட்டும் வந்துவிடுமா? அப்போதுதான் காலடியில் ஒரு இரும்புத் துண்டைக் கண்டேன். துருப்பிடித்து, மீன் செட்டை மாதிரி ஒன்று மணலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் மஞ்சள் பலகைகளுக்கு எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"மச்சாள், நான் கொஞ்சம் இருக்கப்போறன்" என்றாள் ராஜி.

"இருக்க வேண்டாம். நில். அசையாதை."

"எனக்கு ஏலாமக் கிடக்கு மச்சாள். கை நடுங்குது, பாருங்கோ."

நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. அது வெயில் வேர்வை இல்லை, எனக்குத் தெரிந்த வேர்வை அது. உதடு வெளுத்திருந்தது. சட்டைப் பையிலெல்லாம் துழாவினேன், ஒரு இனிப்பு, ஒரு சீனிப் பொட்டலம், எதுவும் இல்லை. அவள் எதையோ தொடங்கி எதையோ முடித்தாள், கடையில் பாண் அடுப்பை நிறுத்தாமல் வந்துவிட்டேன் என்றாள், அண்ணை திட்டப்போகிறார் என்றாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடுவாள், விழுந்தால் தூக்க என்னால் ஏலாது, விட்டுவிட்டுப் போகவும் ஏலாது, எந்தப் பக்கம் கால் வைத்தாலும் கீழே என்ன இருக்கிறதோ. அப்படி ஒரு பயம் எனக்கு அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. ஊரில் ஷெல் அடித்த நாட்களில்கூட ஓடுவதற்கு ஒரு திசை இருந்தது.

நான் கும்பிட்டேனா என்று பலபேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. கும்பிடத் தோன்றவில்லை. "ஆராவது வாங்கோ" என்று கத்தினேன், அவ்வளவுதான். தமிழில்தான் கத்தினேன், பிராண்டன்பேர்க் காட்டுக்குள் நின்றுகொண்டு.

அப்போது கட்டையைக் கண்டேன். இடுப்பளவு உயர மரக் கட்டை, மணலில் நேராக ஊன்றியிருந்தது, மேலே வெள்ளையடித்து அதன் நடுவே பச்சைக் கோடு. இங்கே நடைவழிகளுக்கு இப்படித்தான் அடையாளம் போடுவார்கள், ஏரி வழிக்கு நீலம், காட்டு வழிக்குச் சிவப்பு, பச்சையை நான் அந்த ஊரில் கண்டதில்லை, ஆனால் அந்த நேரம் அதையெல்லாம் யார் யோசித்தார்கள்? தூசுக்குள் அது அவ்வளவு பளிச்சென்று தெரிந்தது. ராஜியின் இடுப்பில் கையைப் போட்டு, அவளுடைய கையை என் கழுத்தில் போட்டுக்கொண்டு அதை நோக்கி நடந்தேன். அதைத் தொட்டதும் அடுத்தது தெரிந்தது. அதைத் தொட்டதும் அதற்கு அடுத்தது. ஒன்றைத் தொடும்வரை அடுத்தது தெரியாது, இதை நான் இப்போது யோசித்துச் சொல்லவில்லை, அப்போதே கவனித்தேன். கட்டையைத் தொட்ட கைக்கு மரம் குளிர்ச்சியாக இருந்தது, அந்த வெக்கையில்.

நம்புங்கள் நம்பாமல் போங்கள், அந்த நேரத்தில் என் பயம் முழுவதும் போய்விட்டது. என் முதுகில் வலி இல்லை. ராஜி என்னைவிடக் கனத்த ஆள், அன்றைக்கு அவள் ஒரு சேலையைத் தோளில் போட்டதுபோல் இருந்தாள். சத்தம் ஒன்றும் என் நினைவில் இல்லை, காற்றுச் சத்தம், எங்கள் சப்பாத்துச் சத்தம், ஒன்றும் இல்லை. கட்டை, கட்டை, கட்டை. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

கடைசிக் கட்டையைத் தாண்டியதும் காலுக்கடியில் கல் சத்தம் கேட்டது. சரளைக்கல் வீதி. ஒரு வெள்ளை வான் நின்றது, பக்கத்தில் ஒரு மனிதர் தேன் பெட்டிகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். ஹைட பூக்கிற காலத்தில் தேன்காரர்கள் பெட்டிகளைக் கொண்டுவந்து அந்தப் பக்கம் வைப்பார்கள், புயலுக்குச் சரிந்த பெட்டிகளைப் பார்க்க வந்திருந்தார். பெயர் ஹெர் லேமான், பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது நான் அவரிடம் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "சர்க்கரை! இவளுக்குச் சர்க்கரை வேண்டும்!" என்று கத்தினேன்.

அந்த மனிதர் ஒரு கேள்வி கேட்கவில்லை. வானுக்குள் கையை விட்டு ஒரு தேன் போத்தலை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினார். நான் விரலால் அள்ளி ராஜியின் கன்னத்துக்கு உட்பக்கம் பூசினேன், இன்னும் அள்ளினேன், இன்னும். கண் சொருகிக்கொண்டிருந்தவள் முதலில் நாக்கை அசைத்தாள், பிறகு விழுங்கினாள், பிறகு என் விரலைக் கடித்தாள். கடித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் பிள்ளை பெற்றபோதுகூட வரவில்லை. வீதியில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்து அழுதேன். ஹெர் லேமான் பக்கத்தில் குந்தி என் தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டார், முன்பின் தெரியாத மனிதர்.

ராஜி கொஞ்சம் தெளிந்து உட்கார்ந்த பிறகுதான் அவர் கேட்டார், "எங்கேயிருந்து வந்தீர்கள்?"

நான் பின்னால் கையைக் காட்டினேன். அவர் கை காட்டிய பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்மா, அங்கேயிருந்து ஒருவரும் வரமுடியாது" என்றார்.

"பச்சைக் கோடு போட்ட வழியால் வந்தோம்."

"இந்தப் பக்கம் பச்சைக் கோடு போட்ட வழி இல்லை."

திரும்பிப் பார்த்தேன். தூசு படிந்துவிட்டிருந்தது, வெளி முழுவதும் வெளிச்சமாகத் தெரிந்தது. அந்தக் கரைவரைக்கும் மணல்தான். ஒரு கட்டை இல்லை.

அவர் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், அங்கே ராஜியை ஒரு இரவு வைத்திருந்தார்கள். மறுநாள் நான் சும்மா இருக்கவில்லை. சொன்னேனே, நான் நம்புகிற ஆள் இல்லை. கட்டைகள் இருக்கவேண்டும், காற்று சாய்த்து மணல் மூடியிருக்கும், அதைக் கண்டுபிடித்தால் என் மனம் ஆறும். ஹெர் லேமானையும் கூட்டிக்கொண்டு, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான வனக்காவலரிடம் போனேன். இளம் பெண், நல்ல பிள்ளை, நான் வெளிக்குள் போனதற்கு முதலில் நன்றாக ஏசினாள், ஏசவேண்டியதுதான். பிறகு அந்தச் சரளை வீதிக்கு எங்களைக் கூட்டிப்போய் தொலைநோக்கியால் நெடுநேரம் பார்த்தாள். புயலுக்குப் பிறகு காற்று அசையவில்லை, எங்கள் காலடிகள் அப்படியே இருந்தன.

அவள் தொலைநோக்கியை என்னிடம் தந்தாள், "நீங்களே பாருங்கள்" என்றாள்.

பார்த்தேன். இரண்டு சோடிச் சப்பாத்துத் தடம், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. நேராக வரவில்லை. ஓரிடத்தில் வளைந்து, ஓரிடத்தில் திரும்பி, தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவதுபோல் வந்திருந்தன. எதைச் சுற்றி வளைந்தன என்று அந்தப் பிள்ளை விரலால் காட்டிக்கொண்டு வந்தாள். அங்கே ஒரு துரு, இங்கே ஒரு துரு, புயல் மணலை அள்ளிக்கொண்டு போனதில் வெளியே வந்தவை. கட்டை நட்ட குழி ஒன்றும் இல்லை. அந்த வெளிக்குள் கட்டை நடப் போகிற ஆள் உயிரோடு திரும்பமாட்டான், எங்களுடைய அலுவலகம் ஒருபோதும் அங்கே நட்டதில்லை என்றாள். பிறகு மெதுவாக, "நீங்கள் எப்படி வந்தீர்கள் என்று நான் என் அறிக்கையில் என்ன எழுத?" என்று கேட்டாள். நான் தொலைநோக்கியை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

நாங்கள் ஹம்முக்குத் திரும்பினோம். அம்மன் கோயிலில் ராஜியின் பெயரில் ஒரு அர்ச்சனை செய்தோம், எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியாததால் எல்லாச் சந்நிதியிலும் கற்பூரம் கொளுத்தினேன். சொந்தக்காரருக்கெல்லாம் கதையைச் சொன்னேன். நான் சொல்லத் தொடங்கினால் ராஜி எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள், பாவம், அந்த நாளைக் கேட்க அவளுக்கு மனமில்லை என்று நானும் வற்புறுத்தவில்லை. அதன்பிறகும் நாங்கள் அந்த ஊருக்குப் போகாமல் விடவில்லை. எங்கள் வழிகள் மூன்றிலும் நடக்கிறோம், மணல்வெளி ஓரம் போகும்போது காற்று வீசாத நாள் பார்த்துப் போகிறோம், இரண்டு பேர் பையிலும் குளுக்கோஸ் இருக்கிறது. ஹெர் லேமான் வருடாவருடம் தேன் தருகிறார், நாங்கள் அவருக்கு மிளகாய்த்தூள் கொண்டுபோகிறோம், அதை அவர் சூப்பில் போடுகிறாராம். குன்றில் ஏறி நின்று அந்த வெளியைப் பார்த்து நான் மனதுக்குள் நன்றி சொல்வேன். யாருக்கு என்று கேட்காதீர்கள். ராஜி பக்கத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "இந்த முறை ஏன் இவ்வளவு செங்குத்தாக் கிடக்கு" என்று முறைப்பாடு சொல்வாள், அந்தக் குரலைக் கேட்கக் கேட்க எனக்கு அழுகை வரும். இவள் இல்லாமல் எங்கள் கட்டிடத்தில் நான் எப்படி இருந்திருப்பேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை உங்களிடம் இவ்வளவு நேரம் சொல்லியிருக்கமாட்டேன். போன மாரிக்காலம் என் மகள் தன் சிநேகிதி ஒருத்தியை வீட்டுக்குக் கூட்டிவந்தாள், அந்தப் பிள்ளை கதையைக் கேட்டுத்தான் தீரவேண்டும் என்றது. சொன்னேன். அன்றைக்கு ராஜி எழும்பிப் போகவில்லை, ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள், கையை விட முடியவில்லை. கதை முடிந்து பிள்ளைகள் வெளிக்கிட்ட பிறகு, மாவைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏன் மச்சாள் எல்லாருக்கும் கட்டை, கட்டை எண்டு சொல்லுறீங்கள்?"

"கட்டையைப் பாத்துத்தானே வந்தனாங்கள்?"

"நான் ஒரு கட்டையும் காணேல்லை."

"உனக்கு நினைவு தப்பிப் போச்சு ராஜி, பாண் அடுப்பை நிப்பாட்டேல்லை எண்டு சொல்லிக்கொண்டு வந்தனீ."

"அது முதல். பிறகு நான் நல்ல நினைவாத்தான் வந்தனான். நீங்கள் அந்த அக்காவோட கதைச்சுக்கொண்டெல்லே வந்தனீங்கள்."

நான் எந்த அக்கா என்று கேட்டேன்.

ராஜி கையைக் கழுவிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அவள் பகிடி விடுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன், இல்லை. எங்களுக்கு ஓரடி முன்னால் ஒரு பெண் நடந்தாளாம். எங்கட ஆள்தான், தலையில் துவாய் போட்டிருந்தா, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தா, முகத்தை நான் பார்க்கவில்லை, அவ திரும்பவே இல்லை என்றாள். நானும் அந்தப் பெண்ணும் வழி நெடுகக் கதைத்துக்கொண்டே போனோமாம், ரொம்ப நாள் பழகியவர்கள்போல. ஓரிடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேனாம். இந்த நேரத்தில் மச்சாளுக்கு எப்படிச் சிரிப்பு வருகிறது என்று ராஜிக்கு என்மேல் கோபம்கூட வந்ததாம். தமிழ்தான் என்பது தெரிந்தது, என்ன கதைத்தோம் என்பது அவளுக்கு விளங்கவில்லையாம், காதுக்குள் தண்ணீர் போனதுபோல் இருந்ததாம்.

"இவ்வளவு காலமும் ஏன் எனக்குச் சொல்லேல்லை நீ?"

"வெள்ளைக்காரருக்கு விளங்காதெண்டு கட்டைக் கதை சொல்லுறீங்கள் எண்டு நினைச்சன். பிறகு, என்னைப் பயப்படுத்தக் கூடாதெண்டு எனக்கும் மறைக்கிறீங்கள் எண்டு நினைச்சன். நீங்கள் சொல்லாததை நான் ஏன் கேப்பான்?"

சர்க்கரை இறங்கினால் மூளை இல்லாததையெல்லாம் காட்டும், அதை நான் என் வேலையிலேயே எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். அவளுக்கும் அதைத்தான் சொன்னேன். ஓம், அப்படித்தான் இருக்கும் என்று அவளும் தலையாட்டினாள். சரி, அவளுடைய பெண்ணுக்கு அது காரணம். என்னுடைய கட்டைக்கு என்ன காரணம்? மணலில் வளைந்து வளைந்து வந்த அந்தத் தடத்துக்கு என்ன காரணம்? அதில் இரண்டு பேருடைய தடம்தான் இருந்தது என்று நான் ராஜிக்கு இன்னும் சுட்டிக்காட்டவில்லை.

அவள் எழும்பிப் போகும்போது கடைசியாக ஒன்று சொன்னாள். சரளை வீதி வருகிற இடத்தில் அந்தப் பெண் நின்றுவிட்டாளாம், வீதிக்கு ஏறவில்லையாம். நின்றபடியே என்னிடம் ஏதோ கேட்டாளாம். நான் கொஞ்ச நேரம் யோசித்தேனாம்.

"பிறகு நீங்கள் 'ஓம் அக்கா, வாறன்' எண்டு சொல்லிப்போட்டு ரோட்டில ஏறினீங்கள்."

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். அவளோடு என்ன கதைத்தேன், எதற்குச் சிரித்தேன், ஒரு சொல்லாவது ஞாபகம் வருகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு தேடுகிறேன், பச்சைக் கோடுதான் வருகிறது. பயமா என்று கேட்டால், பெரிய பயம் இல்லை. யாராக இருந்தாலும் என் ராஜியை எனக்குத் திருப்பித் தந்தவள், அவள் கூப்பிட்டால் போகாமல் இருக்க எனக்கு என்ன நியாயம் இருக்கிறது, போகிற நேரம் வந்தால் சந்தோஷமாகவே போவேன். தவிர, நாங்கள் ஒரு வீட்டை விட்டுப் புறப்படும்போது போறன் என்றா சொல்கிறோம்? வாறன் என்றுதானே சொல்வோம். அதைத்தான் நானும் அன்றைக்குச் சொல்லியிருப்பேன், வெறும் விடைபெறுகிற வார்த்தை.

அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். ஆனால் விடைபெறுகிறவர்கள் யாரும் அதற்கு முன்னால் 'ஓம்' என்று சம்மதம் சொல்வதில்லை.